நண்டு மேல் போட்ட பழி

அக்காவிடம் காரணம் சொல்லித் தப்பிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நாம் சொல்வதையெல்லாம் முழுதாகக் கேட்பார். தலையை ஆட்டுவார். "ஓம், ஓம்" என்பார். ஒருவாறு முடித்துவிட்டோம் என்று நாம் மூச்சு விடும்போது, "உது இப்ப சொல்லுறது. அண்டைக்கு என்ன சொன்னனீங்கள்?" என்பார். அத்தோடு ஆள் அகப்பட்டுக்கொள்ளும்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், மரக்கறிக் கடையொன்றில் இதை ஒரு முறை நேரில் பார்த்தேன். மகனுக்கு நிச்சயித்த கல்யாணம் குழம்பிப்போன ஓர் அம்மா, சாதகத்தில் செவ்வாய் சரியில்லை என்று வெண்டைக்காய்க்கு முன்னால் நின்று ஊருக்கே விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு வெண்டைக்காயின் நுனியை முறித்துப் பார்த்தபடி, "மாசி மாதம் ரெலிபோனிலை வேறை சொன்னனீங்களே அன்ரி. பெட்டை பொடியனிலும் பார்க்கக் கூடப் படிச்சிட்டாள், சொல்லுக் கேக்கமாட்டாள் எண்டெல்லோ சொன்னனீங்கள். செவ்வாய் எப்ப வந்தது?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. தொலைந்த சாவியைக் கட்டிலுக்குக் கீழே கண்டெடுத்தவரின் சந்தோஷம்தான் இருந்தது. அந்த அம்மா கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அக்கா என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டுச் சிரித்தார். சிரிப்பு வந்தால் பக்கத்தில் நிற்பவரை அடிப்பது அவருடைய பழக்கம். பத்து வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் நான். என் இடது தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும்.

அக்காவின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால், "அது ஊரிலை எந்தப் பக்கம்?" என்று விசாரிக்க இரண்டு பேராவது புறப்படுவார்கள். அந்தக் கேள்வியால்தான் இந்தக் கதையே வந்தது.

நாங்கள் வேலை செய்தது சென்ட் லோரன்டில், மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில். அக்கா எங்கள் வரிசைக்குப் பொறுப்பாளர். எழுத்து எங்கே கண்டாலும் வாசிக்காமல் விடமாட்டார். குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் பக்கவிளைவுத் தாள் அவருக்கு மனப்பாடம். யாராவது தலைச்சுற்று என்றால் போதும். "ஆயிரத்திலை ஒரு ஆளுக்கு வரலாம் எண்டு போட்டிருக்குது. அந்த ஒரு ஆள் நீர்தானோ?" என்று மகிழ்ச்சியோடு வந்து நிற்பார்.

அந்தத் தொழிற்சாலையில் அவருக்கு மிகவும் பிடித்த பொருள் பதிவேடு. ஒவ்வொரு தொகுதிக் குளிசைக்கும் ஒன்று உண்டு. எதைச் செய்தாலும் செய்த உடனே அதில் எழுத வேண்டும், மாலையில் ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. பிழையாக எழுதிவிட்டால் அழிக்கவும் கூடாது, வெள்ளை மை பூசவும் கூடாது. பிழையின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், அன்றைய தேதி. கோட்டுக்குக் கீழே பழைய பிழையை யாரும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இது தலைவலி. அக்காவுக்கோ, "மனுசர் போட்ட சட்டங்களிலை உருப்படியானது இது ஒண்டுதான் தம்பி."

இனி நண்டுக் கதைக்கு வருகிறேன். மொன்றியலில் குடியேறிய எங்கள் ஊரவருக்கு ஒரு ஒன்றியம் இருந்தது. இருபது வருடங்களுக்கு முன்னர் அது இரண்டாகப் பிரிந்தது. பிரிந்து போனவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ஐக்கிய ஒன்றியம். பிரிந்து போகிற எவரும் பெயரில் ஐக்கியத்தைச் சேர்க்காமல் போனதாக எனக்கு நினைவில்லை. நான் ஐக்கியத்தில் இருந்தேன். எங்கள் தலைவர் அண்ணை என்று எல்லோரும் அழைக்கும் ஒருவர். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது முதலில் என்னைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவரும் அவர்தான்.

ஏன் பிரிந்தோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையது, ஏனென்றால் மைக் என்னிடம்தான் இருக்கும். என்னிடம் மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்குவது சிரமம். கோடை ஒன்றுகூடலில் லாசால் ஆற்றங்கரைப் பூங்காவில் ஒடியல் கூழ் காய்ச்சுவோம். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மாவில் மீனும் இறாலும் நண்டும் பயத்தங்காயும் மரவள்ளியும் போட்டு, ஒரே பானையில் காய்ச்சி, ஊர் முழுக்க ஒன்றாய்க் குடிப்பது. "அந்த வருசம் கூழுக்குள்ளை நண்டைக் கூடப் போட்டிட்டினம்" என்று தொடங்குவேன். எங்கள் தலைவருக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அவர் சொறிந்துகொண்டே எழுந்து, சொறிந்துகொண்டே பேசி, சொறிந்துகொண்டே இராஜினாமாக் கடிதம் எழுதினார். நான் சொறிந்து காட்டுவேன். சனம் உருண்டு புரளும். அண்ணை முன்வரிசையில் இருந்து கண்ணீர் வரச் சிரிப்பார். இந்தக் கதை எதிர்ப்பக்கத்துக்கும் போய், அவர்களும் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். என் மகள் பள்ளிக்கூடத்தில் "நண்டுப் போர்" என்று பிரெஞ்சில் பேசி நல்ல புள்ளி வாங்கி வந்தாள். சொல்லிச் சொல்லி, அந்த இடம் வந்தால் எனக்கே அரிக்கத் தொடங்கியது.

தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரமே இதை அக்காவிடமும் அவிழ்த்துவிட்டேன். வெள்ளை அங்கி, தலைக்கு வலை, வாய்க்கு முகமூடி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. அந்தக் கோலத்தில் எல்லோரும் ஒன்றுதான். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் பெட்டி மடிக்கும் இடத்தில் நின்று சொறிந்து நடித்தேன். அன்றைக்குத்தான் தோளில் முதல் அடி விழுந்தது. சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்லாச் சொல்லுறீர். அண்டைக்கு எழுதின கடிதத்திலை நண்டு இருக்கோ?" என்று கேட்டார். "அது ஆருக்குத் தெரியும் அக்கா" என்றேன். அவர் திரும்பி இயந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒன்றியம் பிரிந்த அந்த வருடத்துக் கூழைத் துழாவியவர் இந்த அக்காதான். வழமையாகக் காய்ச்சுபவருக்கு அன்று வேலை. பானை அடிப்பிடிக்கப் பார்த்தது. பக்கத்தில் நின்ற இவர் அகப்பையைப் பிடித்தார். மூன்று கோப்பை குடித்த எனக்குக் கூழின் ருசி ஞாபகம் இருந்தது, துழாவியவரின் முகம் ஞாபகம் இல்லை. ஒரு மாதம் கழித்துச் சாப்பாட்டு அறையில், இவர் எங்கள் ஊர், அந்தப் பக்கத்து ஒன்றியத்தின் செயலாளர் என்று தெரிய வந்தபோது, வாய்க்குக் கொண்டுபோன இடியப்பத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். நண்டுப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. சிரித்தாரே, மறந்திருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அக்காவுக்கு அமெரிக்கப் பைத்தியம் பிடித்தது அதற்குப் பிறகு. நகர நடுவில் பெரிய கடையொன்றின் சுவரோரம் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். சுவரில் ஓர் உலோகத் தகடு. எழுத்து இருக்கிறதே, விடுவாரா? அமெரிக்காவிலிருந்து பிரிந்து போன தென்மாநிலங்களின் தலைவர், போரில் தோற்ற பிறகு, முன்னர் இந்த இடத்தில் இருந்த ஒரு வீட்டில் தங்கியிருந்தார், அவர் நினைவுக்கு மரியாதை என்று பிரெஞ்சில் போட்டிருந்ததாம். மறுநாள் வேலைக்கு வந்து, "தோத்த மனுசனுக்கு எங்கடை ஊர்ச் சுவரிலை என்னத்துக்குத் தகடு?" என்று கேட்டார். மொன்றியலை அவர் எங்கடை ஊர் என்றுதான் சொல்வார். எங்களுக்கு விடை தெரியாது. அவர் நூலகத்துக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்துக் கட்டுக் கட்டாய்ப் பிரதியெடுத்த தாள்களோடு சாப்பாட்டு அறைக்குள் வந்தார். முகம் பளபளவென்று இருந்தது.

"எழுதியே வைச்சிருக்கிறாங்கள் தம்பி. தாங்களே. தங்கடை கையாலை."

விஷயம் இதுதான். தென்மாநிலங்கள் பிரிந்தபோது, அவற்றில் சில, தாங்கள் ஏன் போகிறோம் என்று அறிக்கை எழுதி வெளியிட்டிருக்கின்றன. ஒளிவுமறைவு இல்லை. மனிதரை அடிமையாக வைத்திருக்கும் முறைக்கு வடக்கத்தியாரால் ஆபத்து வந்துவிட்டது, ஆகவே விலகுகிறோம். ஒரு மாநிலம் இதைச் சொல்ல இரண்டாவது வசனத்துக்கு மேல் காத்திருக்கவில்லை. போர் நடந்தது, தோற்றார்கள், அடிமை முறை ஒழிந்தது. அதற்குப் பிறகுதான் தோற்றவர்களுக்கு வேறு ஞாபகங்கள் வரத் தொடங்கின. அடிமை முறையா? சேச்சே. மாநில உரிமை, வரி, மானம், மரியாதை. பெண்கள் சங்கம் அமைத்துச் சிலை வைத்தார்கள், பாடப் புத்தகங்களை மேற்பார்த்தார்கள், தகடு அடித்தார்கள். அதில் ஒன்று எல்லை தாண்டி வந்து அக்காவின் பஸ் தரிப்பிடத்தில் ஏறியிருந்தது.

"போகேக்கை எழுதினது நாலைஞ்சு பக்கம். தோத்தாப் பிறகு அந்தத் தலைவர் எழுதினது ரண்டு தடிச்ச பாகம்" என்றார் அக்கா. "உண்மைக்கு நாலு பக்கம் காணும். மற்றதுக்குத்தான் பாகம் பாகமா வேணும்."

எங்களோடு ஹெயிட்டி நாட்டுப் பெண் ஒருவர் வேலை செய்தார். அவருக்காக அக்கா தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றையும் ஒரே சட்டியில் போட்டு முழுக் கதையையும் இன்னொரு முறை சொன்னார். "மாநில உரிமை, மாநில உரிமை எண்டுகினம். என்ன செய்யிற உரிமை எண்டு கேட்டால் வசனம் முடியுதில்லை" என்ற இடத்தில் அந்தப் பெண் மேசையில் தட்டிச் சிரித்தார். அக்கா அவர் தோளில் அடித்தார். அவர் திருப்பி அடித்தார். அக்காவைத் திருப்பி அடித்த ஒரே ஆள் அவர்தான். இருவரும் அன்றிலிருந்து சிநேகிதம்.

பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாகத்தான் சொன்னார்: "எங்கடை நாட்டிலும் ஒல்லாந்தன்ரை காலத்துச் சட்டத்திலை ஆர் ஆருக்கு அடிமை எண்டு எழுதிக் கிடக்குது. எடுத்து வாசியும். இப்ப கேட்டால், எல்லாரும் தாய் பிள்ளையாத்தான் இருந்தனாங்கள் எண்டுவினம்." எனக்குச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பார்க்க வேண்டிய அவசரம் வந்தது.

சில வருடங்களில் அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டார்கள். அக்காவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்து ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம். "கழட்டினது சரி. ஏன் வைச்சவை, ஏன் கழட்டினனாங்கள் எண்டு ஒரு சீட்டாவது ஒட்டியிருக்க வேண்டாமோ? நாளைக்கு வாறவன் என்னத்தை வாசிப்பான்? ஆணி ஓட்டையையோ?" என்றார். அவர் விருப்பப்படி விட்டிருந்தால் அந்தத் தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறி, சுருக்கொப்பமிட்டு, தேதி போட்டிருப்பார்.

இந்தக் காலத்தில் இரண்டு ஒன்றியங்களுக்கும் ஒரே நோய் வந்தது. ஆள் இல்லை. பிள்ளைகள் வரமாட்டார்கள். வயதானவர்கள் ஒவ்வொருவராய்ப் போனார்கள். இரண்டு பானைக் கூழும் மிஞ்சி ஊற்ற வேண்டி வந்தது. திரும்பச் சேர்வோம் என்று முடிவாயிற்று. சேரும் ஒன்றுகூடலுக்கு ஒரு சிறப்பு மலர், மலருக்கு ஆசிரியர் நான். ஒன்றியத்தின் வரலாறு என்று ஆறு பக்கம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் நண்டுப் போர். ஒரு நண்டின் படமும் போட்டேன், கையில் வெள்ளைக் கொடியோடு. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அச்சுக்கு முன் சரிபார்க்கும்படி அந்தப் பக்கத்துச் செயலாளருக்கு அனுப்பினோம்.

சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. அக்கா. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, உறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது எங்கடை பக்கத்துக் கோப்பிலை இருந்த உங்கடை இராஜினாமாக் கடிதம். வாசியும். சத்தமா."

வாசித்தேன். "எமது ஊரில் பரம்பரையாக எமது வீடுகளுக்குத் தொண்டு செய்துவந்த பகுதியைச் சேர்ந்த ஒருவர் காய்ச்சிய கூழை, விடயம் அறியாமல் எமது குடும்பத்தவர் அருந்த நேர்ந்தது. அவரைச் செயற்குழுவிலும் சேர்த்திருப்பது எமக்கு ஏற்புடையதல்ல. ஆகவே இன்றுடன் விலகுகிறோம்." கீழே ஒன்பது கையெழுத்துகள். ஆறாவது என்னுடையது. அதைக்கூட விடுங்கள். கடிதம் முழுவதையும் எழுதியதே என் கைதான். வடிவான எழுத்து என்று என்னை எழுதச் சொன்னார்கள். வடிவாகத்தான் எழுதியிருந்தேன்.

"நண்டு எந்த இடத்திலை வருது?" என்று கேட்டார்.

"வரேல்லை அக்கா."

"இறால்?"

"இல்லை."

"அண்ணை சொல்லச் சொல்ல எழுதினது அக்கா. அப்ப அவற்றை வீட்டிலைதான் இருந்தனான். வந்து எட்டு மாதம். அகதி விசாரணையும் முடியேல்லை" என்றேன்.

"அது காரணம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. எழுதேக்கை விளங்கினதோ?"

வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல முடியாது. எழுத்தே என்னுடையது. "விளங்கினது" என்றேன்.

"ஓம்" என்றார். அவ்வளவு நேரமும் இழுத்துப் பிடித்திருந்த எதையோ விட்டவர் போல நாற்காலியில் சாய்ந்தார். "நீர் நண்டுக் கதை சொல்லேக்கை நானும் சிரிச்சனான். பொய் சொல்லேல்லை, நல்லாத்தான் சொல்லுறீர். ஆனால் தம்பி, நான் காய்ச்சின கூழைக் குடிச்சிட்டு வீட்டை போய்த் தலையிலை தண்ணி ஊத்தினவை இருக்கினம். எனக்கு அது தெரியும். அதைக்கூடத் தாங்கிக்கொண்டன். கடைசியிலை என்னை ஒரு நண்டாக்கிப் போட்டியள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. என் மூக்கு சிவந்தால் அந்தப் படத்து நண்டு போலவே இருக்கிறதாம். அழுகிறவனின் தோளில் அடித்தும் சிரித்தார். எங்கள் இருவரையும் வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் பொலீசைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்தக் கடிதம் மலரில் வர வேண்டும். வராவிட்டால் ஒன்றுகூடலுக்கு அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பமும் வராது. சேர்கிற கதை அத்தோடு முடிந்தது. மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, யாரையும் குறை சொல்லச் சொல்லவில்லை. அன்றைக்கு எழுதியதை இன்றைக்குப் போடுங்கள் என்பதுதான்.

லாசாலில் அண்ணை வீட்டில் கூட்டம் கூடினோம். அண்ணைக்கு வயது எண்பதை நெருங்குகிறது. நல்ல மனிதர். பனிக்காலத்தில் அடுத்த வீட்டுக்காரனின் வாசல் பனியையும் சேர்த்து அள்ளிவிடுவார். அவர் கடிதத்தைக் கையால் தொடவில்லை.

"அது யாப்புப் பிரச்சினை, ஒன்றியத்தின்ரை சட்டதிட்டப் பிரச்சினை பிள்ளை. செயற்குழுத் தெரிவிலை விதி மீறல் நடந்தது. அதாலைதான் பிரிஞ்சனாங்கள்" என்றார்.

"எந்த விதி அண்ணை?" அக்கா பேனையை எடுத்தார். "அந்த விதி என்ன செய்யக்கூடாது எண்டு சொன்னது? சொல்லுங்கோ, எழுதுறன். அதையும் மலரிலை போடுவம்."

அண்ணை மூன்று முறை வசனத்தைத் தொடங்கினார். மூன்று முறையும் நடுவழியில் நின்றது. அக்கா பேனையைத் தாளில் வைத்தபடி, மெத்த மரியாதையோடு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். எனக்குச் சாப்பாட்டு அறையும் முடியாத வசனமும் நினைவுக்கு வந்து, சிரிப்பை அடக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

"பழசைக் கிளறினால் பிள்ளையள் என்ன நினைக்குங்கள்?" என்றார் அண்ணை கடைசியில்.

"பிள்ளையளுக்கு நண்டு எண்டு சொல்லி வைச்சிருக்கிறியள் அண்ணை. இருபது வருசமா நண்டு ஏச்சு வாங்குது. அதுவும் பாவம்தானே."

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். யாரோ என்றால் நான்தான். அண்ணை என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். மாதக்கணக்கில் எனக்குச் சோறு போட்டவர். அந்தப் பார்வைதான் எனக்கு வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனாலும் ஆசிரியர் நான் என்பதால் முடிவு என் தலையில் விழுந்தது.

கடிதத்தை அப்படியே படமெடுத்து மூன்றாம் பக்கத்தில் போட்டேன். வெள்ளைக் கொடி நண்டை எடுத்துவிட்டேன். என் கையெழுத்தின் மேல் மட்டும் ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், கோடு போட்ட அன்றைய தேதி. அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பக்கத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"கடிதத்துக்குக் கோடு போடேல்லையோ?"

"இல்லை அக்கா. அது வாசிக்க வேணும்."

பலமாக விழுந்தது தோளில். அவர் எனக்குப் போட்ட அடிகளில் மிகப் பெரியது அதுதான். அச்சுக்குப் போகும் முன் இன்னும் இரண்டு பேர் தொலைபேசியில் கூப்பிட்டுத் தங்கள் பெயருக்கும் கோடு போடச் சொன்னார்கள். அதில் ஒருவர் சொல்லும்போதே அழுதார். ஒன்பதில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். மிச்சம் நான்கு பேர். அவர்களுக்குள் அண்ணையும் ஒருவர். அவர்கள் கூப்பிடவில்லை.

ஒன்றுகூடல் அன்று லாசால் பூங்காவில் நல்ல வெயில். இரண்டு பக்கமும் வந்தன, கோடு போடச் சொல்லாத அந்த நான்கு பேரின் குடும்பங்களும்கூட வந்தன. அக்காதான் கூழ் காய்ச்சுவார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தபடி நின்றார்கள், ஏதோ பெரிய மனது பண்ணிவிட்ட முகத்தோடு. அக்கா மடிப்புக் கதிரையை விரித்து, மர நிழலில் போட்டு, காலுக்கு மேல் கால் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் இண்டைக்கு விருந்தாளி. மலர் ஆசிரியர் துழாவட்டும்."

என் வாழ்க்கையில் அகப்பை பிடித்ததில்லை. நண்டை முதலில் போட வேண்டுமா மாவை முதலில் கரைக்க வேண்டுமா என்று நான்கு பேர் நான்கு விதமாய்க் கத்தினார்கள். அடிப்பிடித்தது. பிடித்ததை நான் சுரண்டியதில் கரியும் மேலே வந்தது. கரும் புள்ளிகளோடு ஒரு கூழ், கடதாசிக் கோப்பைகளில். சனம் முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தது. ஒன்று சேர்ந்த ஒன்றியத்தின் முதல் ஒற்றுமை, ஆசிரியரைத் திட்டுவதில்தான் ஏற்பட்டது. அக்கா மூன்று கோப்பை வாங்கிக் குடித்து, ஒவ்வொன்றுக்கும், "ஐயோ, என்ன கறுமம்" என்று ரசித்தார். அண்ணை தன் கோப்பையை வாங்கிப் பக்கத்தில் வைத்திருந்தார். குடித்தாரா, ஊற்றினாரா என்று நான் பார்க்கவில்லை.

அதே வருடம் அக்காவின் மகளுக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்தது, அக்காவும் கூடப் போய்விட்டார். அவர் போய் ஒரு மாதத்தில் அந்த நான்கு குடும்பங்களும் ஒன்றியத்திலிருந்து விலகின. நான்கும் தனித்தனிக் கடிதம், நான்கிலும் ஒரே வசனம்: தனிப்பட்ட காரணங்களால் விலகுகிறோம். உடனே ஒட்டாவாவுக்கு அழைத்தேன். அக்காவுக்கு இது துக்கமாக இருக்கும், என்னாலேதான் வந்தது என்று நினைத்தேன்.

"காரணம் எழுதியிருக்கினமோ?" என்று கேட்டார்.

"தனிப்பட்ட காரணம் எண்டு போட்டிருக்கு. எனக்கு மனம் கேக்கேல்லை அக்கா. அண்ணையின்ரை வீட்டை போனனான். அது என்ன காரணம் அண்ணை எண்டு கேட்டனான். உனக்குத் தெரியும்தானே எண்டார். தெரியும், நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ எண்டன். எழும்பி யன்னலடிக்குப் போனார். பேந்து, தன்னாலை சொல்லேலாது எண்டார்."



"என்னெண்டு சொன்னவர்?"

"சொல்லேலாது எண்டு."

"சொல்லேலாது எண்டோ? அண்ணையோ?"

"ஓம் அக்கா."

அந்தப் பக்கம் படாரென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற மகளுக்கு அடி விழுந்திருக்க வேண்டும், அவர் கத்துவதும் கேட்டது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்த முடியாமல், மூச்சு வாங்க, நடுவில் அழுது, திரும்பவும் சிரித்தார்.

"அண்டைக்கு என்ரை முகத்துக்கு முன்னாலை நிண்டு, என்ன காரணமெண்டு கூசாமல் சொன்ன மனுசன் தம்பி" என்றார். "அவருக்கு அது சொல்லேலாமல் போறதுக்குத்தான் இருபது வருசம் காத்திருந்தனான்."